ஒஸ்லோவில் ஒரு ‘காணும்’

செவ்வாய்

ஒஸ்லோ விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி என் கடவுச்சீட்டைப் புரட்டிக்கொண்டே, எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். பசியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றேன். நிமிர்ந்து பார்த்தார். அழைப்புக் கடிதத்தை நீட்டினேன். உலகப் பசி, ஊட்டக்குறைவு, உணவுப் பாதுகாப்பு பற்றிய மாநாடு, புதன் முதல் வெள்ளி வரை. “மூன்று நாளில் முடிந்துவிடுமா?” என்றார். பேச்சைக் கேட்டாரா, பசியைக் கேட்டாரா என்று தெரியவில்லை. முடிந்துவிடும் என்று சொல்லி வைத்தேன். முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்.

நான் கிருஷ்ணகிரிக்காரி. மலைக் கிராமங்களில் குழந்தைகளை எடை பார்க்கும் வேலை. தொட்டில் துணியில் பிள்ளையைப் போட்டுத் தராசில் தொங்கவிட்டு, முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பேன். இருபது வருடத்துக்கு மேல் இதையே செய்வதால் எனக்குப் பசி என்றால் முதலில் அந்த முள்தான் நினைவுக்கு வரும். மாநாட்டில் பசி என்ற சொல்லை அதிகம் பயன்படுத்த மாட்டார்கள் என்பது எனக்கு முன்பே தெரியும். உணவுப் பாதுகாப்பு என்பார்கள். அதைத் தமிழில் கேட்கும்போதெல்லாம், யாரோ சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் தடியோடு காவல் நிற்பதாகத்தான் எனக்குத் தோன்றும். சில ஊர்களில் அப்படித்தான் நடக்கிறது என்பதால் மொழிபெயர்ப்பைக் குறை சொல்லவும் முடியவில்லை.

விமான நிலையம் நகரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர். சாதாரண ரயிலுக்கு ஏறத்தாழ நூற்று முப்பது குரோனர், நம் காசில் ஆயிரத்து நூறு ரூபாய். வேகமான தனி ரயில் ஒன்றும் இருக்கிறது, அதற்கு இரண்டு மடங்கு. வழியெல்லாம் பச்சை வயல்கள், சிவப்பு வண்ணம் அடித்த மரக் களஞ்சியங்கள். ஒரு மனிதரைக்கூட வயலில் காணவில்லை. இந்த நாட்டில் பயிர் தானாக விளைந்து தானாகக் களஞ்சியத்துக்குப் போய்விடும் போலிருக்கிறது. ஒஸ்லோ மத்திய நிலையத்தில் இறங்கி, ஹவுகெட்டோவுக்கு வேறு ரயில் ஏறினேன். பத்துப் பன்னிரண்டு நிமிடப் பயணம். இடையில் ஒரு காப்பி குடித்தேன், ஐம்பது குரோனர். அதைச் சொட்டு விடாமல் குடித்தேன்.

மாநாட்டுக்காரர்கள் விமானச் சீட்டு கொடுத்தார்கள், தங்கும் இடம் என் பொறுப்பு. ஒஸ்லோ ஓட்டல் வாடகையைக் கேட்டு நான் மலைத்துப் போயிருந்தபோது, ஏற்பாட்டுக் குழுவின் சில்யே என்ற நார்வேப் பெண்தான் வழி சொன்னாள். மாநாட்டில் சாட்சியாகப் பேச ஒரு தமிழ்ப் பெண் வருகிறார், அவர் வீட்டில் ஓர் அறை இருக்கிறது, இருவரும் ஒரே மொழிதானே, வசதியாக இருக்கும் என்று எழுதியிருந்தாள். அந்தப் பெண்தான் சுகந்தி. வன்னியில் பிறந்தவள், போர் முடிந்த பிறகு நார்வே வந்தவள். அவளுடைய கணவர் யோகன் அதற்கு வெகுகாலம் முன்பே அகதியாக வந்து, இப்போது நகரப் பேருந்து ஓட்டுகிறார்.

யோகன் ஹவுகெட்டோ நிலையத்தில் காத்திருந்தார். “வாங்கோ அக்கா, களைச்சுப்போனியள் போல” என்று பெட்டியை வாங்கிக்கொண்டார். பியோர்ண்டாலுக்குக் காரில் சில நிமிடங்கள். பைன் மரக் காட்டை ஒட்டி, ஒரே அச்சில் வார்த்த வரிசை வீடுகள். தெருவில் பந்து விளையாடிய பிள்ளைகள் சோமாலியா, பாகிஸ்தான், யாழ்ப்பாணம் எல்லாம் கலந்து, எல்லோரும் நார்வே மொழியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

சாப்பாட்டு மேசையில் புட்டு, கத்தரிக்காய்க் குழம்பு, சொதி. சுகந்தி நாற்பது வயதைத் தாண்டியவள், மெலிந்த உடம்பு, பேசும்போது கையை அசைக்க மாட்டாள். ஒரு பார்னஹாகேயில், அதாவது சிறு குழந்தைகள் பள்ளியில், உதவியாளராக வேலை. மகள் ஆரணிக்குப் பதினான்கு வயது, நார்வேயில் பிறந்தவள். நான் கையால் தட்டை மறைக்கும்வரை சுகந்தி புட்டு போட்டுக்கொண்டே இருந்தாள்.

“அக்கா கதைக்கிறதைக் கேட்டா படம் பாக்கிற மாதிரி இருக்கு” என்று யோகன் சிரித்தார். “எங்கட தமிழ் உங்களுக்கு விளங்குதோ?”

முழுக்க விளங்குகிறது என்று பெருமையாகச் சொன்னேன். ஆரணி என்னைச் சற்றுச் சந்தேகமாகப் பார்த்தாள்.

புதன்

காலையில் சுகந்தியும் ஆரணியும் நானும் ரயிலில் நகரத்துக்குப் போனோம். ஆரணி தன் லேரரிடம், அதாவது ஆசிரியையிடம், மூன்று நாள் விடுப்பு வாங்கியிருந்தாள். அம்மா பேசுவதைக் கேட்க வேண்டும் என்று அவளுக்குப் பிடிவாதம்.

ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்க ஒருவரை ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று சுகந்தி சொன்னாள். நீங்கள் நார்வே மொழி நன்றாகப் பேசுகிறீர்களே, அதிலேயே பேசினால் என்ன என்று கேட்டேன்.

“நொஸ்க் எனக்குச் சிரிச்சுக் கதைக்கிற பாஷை அக்கா. பார்னஹாகேயிலை பிள்ளையளோடையும் தாய் தேப்பனோடையும் நாள் முழுக்கச் சிரிச்சுக்கொண்டு கதைக்கிறது. இதையும் நொஸ்க்கிலை சொன்னா, பழக்கத்திலை சிரிச்சுக்கொண்டே சொல்லிப்போடுவன்.”

“ஆரணி மொழிபெயர்க்கலாமே?”

“என்ர பிள்ளையின்ர வாயாலை அதைச் சொல்ல வைக்க மாட்டன்” என்றாள். ஆரணி சன்னலுக்கு வெளியே பார்த்தாள். ரயில் கடலோரமாகப் போய்க்கொண்டிருந்தது.

பிறகு சுகந்தியே சொன்னாள். ஆரணிக்கு முன்னால் ஒரு மகன், கவின், பதினாறு மாதம். முதல் கணவரின் பிள்ளை. அவர் ஷெல்லடியில் போனார். போரின் கடைசி மாதங்களில் பால்மா இல்லை, அரிசி இல்லை. கஞ்சி ஊற்றும் இடத்தில் வரிசையில் நிற்பாள். “அரிசியையும் தண்ணியையும் போட்டு அவிச்சது. உப்புக்கும் வழியில்லை. பிள்ளைக்கு அதைத்தான் பருக்கினனான். வயித்தோட்டம் பிடிச்சுது, நாலு நாள்.” அவ்வளவுதான் சொன்னாள். பக்கத்து இருக்கையில் ஒரு நார்வேக் கிழவர் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, பிள்ளை செத்ததைச் சொல்ல நான் வரேல்லை. அது கனக்கப் பேருக்கு நடந்தது. எனக்கு ஒரு வசனம் மட்டும் சொல்ல வேணும். நாங்கள் அந்த வரிசையிலை நிக்கேக்கை, மேலிடத்திலை இருந்தவை என்னத்தை எழுதினவை எண்டு. அதைப் பெரிய ஆக்கள் இருக்கிற இடத்திலை ஒருக்கா சொல்லி, அவையள் அதை எழுதி வைக்க வேணும். பேந்து எனக்கு ஒண்டும் வேண்டாம்.”

என் ஊரில் பட்டினியால் ஒரு குழந்தையும் செத்ததில்லை. காய்ச்சலால் சாகும், வயிற்றுப்போக்கால் சாகும், பிறவிக் கோளாறால் சாகும். எடை போட்டுப் பார்த்த எனக்குத் தெரியும், கையெழுத்துப் போட்ட அதிகாரிக்கும் தெரியும். பட்டினி என்று மட்டும் யாரும் எழுத மாட்டார்கள். ஆகவே எழுதுவது எத்தனை பெரிய காரியம் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மாநாட்டு மண்டபம் துறைமுகத்துக்கு அருகில், கண்ணாடிக் கட்டடம். வெளியே வெள்ளைக் கல் கூரையில் சுற்றுலாப் பயணிகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்த ஓபரா மண்டபம் தெரிந்தது. உள்ளே நானூறு பேர் இருக்கலாம். முற்பகல் முழுவதும் பேச்சு. முன்கூட்டிய எச்சரிக்கை என்பதுதான் இந்த வருடத்து மந்திரம். பஞ்சம் வருவதற்கு முன்பே எச்சரிக்க வேண்டும், எச்சரித்தால் உலகம் கேட்க வேண்டும். ஒருவர் வண்ண வரைபடம் காட்டினார். பசி அதிகமாக உள்ள நாடுகள் கருஞ்சிவப்பாக இருந்தன. நார்வேக்கு நிறமே இல்லை, வெறும் வெள்ளை.

மதியம் ‘ஒருமைப்பாட்டு உணவு’ என்று அறிவித்தார்கள். பசித்தவர்களின் துயரை நாமும் உணர்வதற்காக இன்று எல்லோருக்கும் எளிய அரிசிக் கஞ்சி மட்டும்தான் என்றார்கள். காகிதக் கிண்ணத்தில் கஞ்சி வந்தது. மேலே கொஞ்சம் வெண்ணெய், ஒரு கொத்துப் பச்சிலை. பலர் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகச் சாப்பிட்டார்கள். எனக்கு எரிச்சலில் காது சுட்டது. சுகந்தியைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அவள் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். “உப்புப் போட்டிருக்கினம்” என்றாள். பிறகு கிண்ணத்தை முழுவதும் சாப்பிட்டு முடித்தாள். அடுத்த கூடத்தில் வாஃபிளும் பழக்கூழும் வைத்திருந்தார்கள். கஞ்சி குடித்து ஒருமைப்பட்டவர்கள் வரிசையாக அங்கே போனார்கள்.

பிற்பகல் சாட்சிகளின் அமர்வு. சுகந்திக்கு ஐந்து நிமிடம். மொழிபெயர்ப்பாளர் ரமேஷ் சென்னைக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும், லோறென்ஸ்கூக்கில் குடியிருக்கிறார், கணினி வேலை. காசு வாங்காமல் உதவிக்கு வந்தவர். சுகந்தியிடம், “பயப்படாதீங்க சிஸ்டர், நீங்க ஒவ்வொரு வரியா சொல்லுங்க, நான் பார்த்துக்கிறேன்” என்று மரியாதையாகச் சொன்னார். நல்ல மனிதர். அதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் இல்லை.

சுகந்தி மேடையில் கையை அசைக்காமல் நின்று பேசினாள். ரயிலில் சொன்னதையே சொன்னாள். ரமேஷ் வரி வரியாக ஆங்கிலத்தில் சொன்னார். கடைசியாக அந்த வசனத்துக்கு வந்தாள். குரல் சற்று உயர்ந்தது.

“நாங்கள் கஞ்சி வரிசையிலை நிக்கேக்கை, மேலிடத்திலை இருந்தவை ஆக்களின்ர தொகையைக் குறைச்சுப்போட்டு, சனத்துக்குச் சாப்பாடு காணும் எண்டு எழுதினவை. உலகமும் அதை வாசிச்சுப்போட்டுப் பேசாமல் இருந்தது.”

ரமேஷ் ஆங்கிலத்தில் சொன்னார்: மக்கள் தொகை குறைந்துகொண்டே வந்தது, மக்களுக்கு உணவைக் காணவில்லை என்று மேலதிகாரிகள் எழுதினார்கள், உலகம் அதைப் படித்துவிட்டும் பேசாமல் இருந்தது.

எனக்கும் அப்படித்தான் கேட்டது. பேனாவைக் காணும், சாவியைக் காணும் என்று நாள் முழுக்கச் சொல்லி வளர்ந்த காது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த ஆரணி என் கையைப் பிடித்தாள்.

“அன்ரி, அவர் பிழையாச் சொல்லிப்போட்டார்.”

“என்ன பிழை?”

“காணும் எண்டால் இல்லை எண்டு இல்லை. காணும் எண்டால்… போதும். அம்மா சொன்னது, ஆக்களின்ர கணக்கைக் குறைச்சுக் காட்டி, சாப்பாடு போதும் எண்டு எழுதினவை எண்டு.”

ஒரு கணம் எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. கிருஷ்ணகிரியில் காணும் என்றால் தொலைந்துபோனது. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் காணும் என்றால் போதும், இனி வேண்டாம். ஒரே எழுத்து, ஒரே ஒலி. பொய் எழுதியவர்கள் எங்கள் தமிழ் வழியாக நுழைந்து ஆங்கிலத்துக்குப் போனபோது, உண்மை எழுதியவர்களாக மாறிவிட்டார்கள்.

அமர்வுத் தலைவர் எழுந்தார். நெஞ்சில் கைவைத்து சுகந்திக்கு நன்றி சொன்னார். நம் மாநாட்டின் கருப்பொருளுக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை என்றார். களத்தில் இருந்த அதிகாரிகள் உரிய நேரத்தில் எச்சரித்தார்கள், நாம்தான் கேட்கத் தவறிவிட்டோம் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் கை தூக்கினேன். கேள்விகளுக்கு நேரமில்லை என்று சிரித்தபடி தலையசைத்தார். சுகந்திக்கு ஒரு பூங்கொத்து கொடுத்தார்கள். தன் வசனம் போய்ச் சேர்ந்துவிட்டது என்ற நிம்மதியில் அவள் படியிறங்கி வந்தாள். அவளுக்கு ஆங்கிலம் கொஞ்சம் தெரியும். ஆனால் ரமேஷ் பேசும்போதெல்லாம் அவள் அடுத்த வரியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாளாம், காது கொடுக்கவில்லையாம்.

வாசலில் ரமேஷைப் பிடித்தேன். கேட்டதும் அவர் முகம் வெளுத்தது. “நம்ம ஊர்ல காணும்னா காணோம்தானே மேடம்? ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன்” என்றார். எனக்கும் அதே காதுதான் தம்பி என்று சொன்னேன். அன்று மாலையே சில்யேவுக்கு மின்னஞ்சல் அனுப்புவதாகச் சொன்னார். அனுப்பவும் செய்தார்.

வீடு திரும்பும் வழியில் ஆரணிதான் அம்மாவிடம் சொன்னாள். சுகந்தி பூங்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

“திருத்தலாம்தானே அக்கா?” என்று மட்டும் கேட்டாள்.

திருத்தாமல் விடமாட்டேன் என்று நான் சொன்னேன்.

வியாழன்

காலையில் முதல் வேலையாக ஆரணியும் நானும் சில்யேவைத் தேடிப் போனோம். அவள் ஒரு சின்ன அறையில் மடிக்கணினிக்கு முன்னால், ரொட்டித் துண்டுகளைக் காகிதத்தில் சுற்றிவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இந்த ஊரில் மந்திரியானாலும் மாணவியானாலும் சாப்பாட்டுக்கு வீட்டிலிருந்து கொண்டுவரும் காய்ந்த ரொட்டிதான். பணம் இருப்பவர்கள் இப்படிச் சாப்பிடுவதைப் பார்த்து முதலில் வியந்தேன். பிறகு யோசித்தால், நாளைக்கும் ரொட்டி உண்டு என்று தெரிந்தவர்களுக்குத்தான் ரொட்டி இத்தனை சாதாரணமாக இருக்கும்.

மாநாட்டின் நிறைவு அறிக்கையை அவள்தான் எழுதிக்கொண்டிருந்தாள். ரமேஷின் மின்னஞ்சலை அவள் இன்னும் திறந்திருக்கவில்லை. திரையைத் திருப்பிக் காட்டினாள். ‘உணவு இல்லை என்று அதிகாரிகள் எழுதி எச்சரித்தும் உலகம் செவிசாய்க்கவில்லை என்று வடக்கு இலங்கையைச் சேர்ந்த ஒரு தாய் கூறினார்’ என்று இருந்தது.

ஆரணி நார்வே மொழியில் விளக்கினாள், நான் ஆங்கிலத்தில் விளக்கினேன். ஒரே சொல், இரண்டு ஊர், இரண்டு பொருள். சில்யே வாயைப் பொத்திக்கொண்டாள். “அப்படியானால் நாங்கள் தலைகீழாக எழுதியிருக்கிறோமே” என்றாள். அவள் கண்கள் உண்மையாகவே கலங்கின. அந்த நாட்டில் எல்லோருக்கும் உண்மையாகவே வருத்தம் வருகிறது, அதுதான் சங்கடம்.

“சரியான சொல் என்ன?” என்றாள்.

“போதுமானது” என்றேன்.

‘உணவு இல்லை’ என்பதை அழித்து ‘உணவு போதுமானது’ என்று எங்கள் கண் முன்னாலேயே மாற்றினாள். அறிக்கைக் குழு மாலையில் கூடி இறுதி வடிவம் தரும், வரிகளைச் சுருக்குவார்கள், ஆனால் இந்தச் சொல்லை நான் காப்பாற்றுகிறேன் என்று வாக்குக் கொடுத்தாள். அவள் வாக்குத் தவறவில்லை என்பதை நான் இங்கே சொல்லிவிட வேண்டும்.

பிற்பகலில் என் முறை. தராசு முள்ளைப் பற்றிப் பேசினேன். எட்டு நிமிடம் கொடுத்து ஆறாவது நிமிடத்தில் மஞ்சள் விளக்கைப் போட்டார்கள். நம் சத்துணவைப் பற்றியும் முட்டையைப் பற்றியும் சொன்னபோது, நார்வேப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு வழக்கமில்லை என்று ஒருவர் ஆச்சரியத்தோடு சொன்னார். அரைநொடி எனக்குப் பெருமையாக இருந்தது. முட்டை வராத நாட்களில் வந்ததாகக் கணக்கு எழுதும் ஊர்களும் நினைவுக்கு வந்தன. அதை நான் மேடையில் சொல்லவில்லை. அயல் மண்ணில் வீட்டு மானம் என்று ஒன்று வந்து வாயை அடைத்துக்கொண்டது.

மாலையில் யோகன் காரில் ஊரைச் சுற்றிக் காட்டினார். ஒரு பெரிய கடையில் வெள்ளரிக்காய் ஒன்று இருபத்தைந்து குரோனர். வாசலில் தேதி முடியும் ரொட்டிகளைப் பாதி விலைக்கு அடுக்கியிருந்தார்கள். பார்னஹாகேயில் பிள்ளைகள் மீதி வைக்கும் ரொட்டியைக் குப்பையில் போட வேண்டும் என்பது விதி என்றும், சுகந்தி முதல் இரண்டு வருடம் அதைப் போட மாட்டாமல் தானே தின்று வயிற்றுவலியோடு வீட்டுக்கு வருவாள் என்றும் யோகன் சொன்னார். “இப்ப போடுறா” என்றார். “ஆனா பையின்ர வாயைக் கட்டிப்போட்டுத்தான் போடுவா.”

வீட்டில் நாங்கள் போனபோது சுகந்தி நாளைக்கு உடுத்த ஒரு சேலையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிறைவு அறிக்கையை வாசிக்கும்போது தானும் மண்டபத்தில் இருக்க வேண்டும் என்று வேலையில் விடுப்புச் சொல்லியிருந்தாள். சேலை கட்டிக்கொண்டு இவள் எங்கும் போவதில்லை என்று யோகன் என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

வெள்ளி

நிறைவு நிகழ்ச்சி முற்பகல். எனக்கு மாலையில் விமானம், பெட்டியோடுதான் மண்டபத்துக்குப் போனேன். சுகந்தி நீலச் சேலையில் நடு வரிசையில் உட்கார்ந்தாள், ஒரு பக்கம் ஆரணி, மறுபக்கம் நான். சில்யே மேடையோரத்திலிருந்து எங்களைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

அறிக்கையை ஒருவர் கணீரென்ற குரலில் வாசித்தார். உறுதிமொழிகள், கவலைகள், அழைப்புகள். எந்த நாட்டின் பெயரும், எந்தத் தரப்பின் பெயரும் குற்றஞ்சாட்டும் இடத்தில் வராமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அவர்கள் வழக்கமாம். பிறகு சாட்சிகளைப் பற்றிய பத்தி வந்தது. அந்த வரியை நான் அப்போதே என் கைப்பேசியில் குறித்துக்கொண்டதால் பிசகில்லாமல் தருகிறேன்.

‘வடக்கு இலங்கையைச் சேர்ந்த ஒரு தாய், உணவு போதுமானதாக இருந்தது என்று நினைவுகூர்ந்தார். உணவு இருந்தும் பகிர்வு முறையாக இல்லாதபோது குழந்தைகளை இழக்கிறோம் என்பதற்கு அவரது கதை சாட்சியாக நிற்கிறது.’

போதுமானது என்ற சொல்லைச் சில்யே காப்பாற்றிவிட்டாள். ‘அதிகாரிகள் எழுதினார்கள்’ என்பதைக் குழு வெட்டிவிட்டது. யாரையும் குற்றம் சொல்லக் கூடாதல்லவா. எழுதியவர்கள் போய்விட்டார்கள், சொன்னவள் மட்டும் மிஞ்சினாள். தவறாக மொழிபெயர்த்தபோதாவது அவள் பிள்ளை பசியால் செத்தது. நாங்கள் திருத்திக் கொடுத்த பிறகு அந்தப் பசியும் இல்லை.

எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். எனக்கு முன்னால் நின்ற உயரமான மனிதர் திரும்பி, சேலையைப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டு, சுகந்தியை நோக்கிக் கை தட்டினார். இன்னும் சிலரும் திரும்பினார்கள். சுகந்தி என்ன செய்வாள். அவளும் எழுந்து நின்று கும்பிட்டாள்.

ஆரணி அழுதுகொண்டே மேடையோரம் ஓடினாள். நான் பின்னால் போனேன். சில்யே கேட்டுவிட்டு முதலில் குழம்பினாள், பிறகு தாளைப் படித்தாள், பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். குழுவைக் கேட்காமல் மாற்ற முடியாது, உறுப்பினர்கள் பலர் இப்போதே விமான நிலையத்துக்குக் கிளம்பிவிட்டார்கள், அடிக்குறிப்பு ஒன்று சேர்க்க முடியுமா என்று முயற்சி செய்கிறேன் என்றாள். மன்னியுங்கள், மன்னியுங்கள் என்று ஆரணியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். பெற்ற பிள்ளை செத்ததற்கு அடிக்குறிப்பா என்று கேட்க நாக்கு வரை வந்தது. கேட்டிருக்க வேண்டும்.

“வா பிள்ளை, அக்காவின்ர ரெயினுக்கு நேரமாகுது” என்று சுகந்தி பின்னால் வந்து மகளை அழைத்தாள்.

மண்டபத்திலிருந்து மத்திய நிலையம் நடக்கும் தூரம். நல்ல வெயில். துறைமுக மேடையில் இளைஞர்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் குதித்தார்கள். ஒரு வண்டியில் பனிக்கூழ் விற்றார்கள், வரிசை நீளமாக இருந்தது. வரிசையில் நின்றவர்கள் அவசரமில்லாமல் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் பொய்யை எழுதுகிறவன் எழுதும்போது கொஞ்சம் குனிந்துகொள்வான், முகத்தைப் பார்க்க மாட்டான், அவனோடு சண்டை பிடிக்கலாம். நான் பிடித்திருக்கிறேன், இரண்டு முறை ஜெயித்தும் இருக்கிறேன். இங்கே யார் சட்டையைப் பிடிப்பது? எல்லோரும் கண் கலங்கினார்கள், எல்லோரும் நல்லவர்கள், அவரவர் பங்கைச் சரியாகவே செய்தார்கள். இப்படி ஒரு கையாலாகாத கோபத்தோடு நான் எந்த ஊரிலிருந்தும் கிளம்பியதில்லை.

நடைமேடையில் ரயில் வரச் சில நிமிடம் இருந்தது. சுகந்தி புட்டும் சம்பலும் கட்டிய பொட்டலத்தை என் பைக்குள் வைத்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“அக்கா, அந்த மனிசன் ‘இனஃப்’ எண்டு வாசிச்சவர். அது நொஸ்க்கிலை ‘நொக்’ தானே?”

“ஓம் அம்மா” என்றாள் ஆரணி.

“முழு வசனத்தையும் தமிழிலை சொல்லுங்கோ அக்கா. ஒண்டையும் விடாமல்.”

மூன்று நாளில் முதல் தடவையாக நான் அவளுக்கு மொழிபெயர்த்தேன். இந்தத் தடவை பிசகாமல், அவளுடைய தமிழிலேயே சொன்னேன். சாப்பாடு காணும் எண்டு நீங்கள் சொன்னதா வாசிச்சவை என்றேன்.

ரயில் வந்து நின்றது. கதவுகள் திறந்தன. சுகந்தி என் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, கீழே இறங்கி நின்று என்னைப் பார்த்தாள்.

“அவையும் அதைத்தான் எழுதினவை அக்கா. இப்ப நானும் சொல்லிப்போட்டன்.”